மலையில் வளரும் நாய், பூனைக்குப் புற்றுநோய் என்றால்: கட்டியைப் பார்த்த நாளிலிருந்து செய்ய வேண்டியவை

நீலகிரியில் வீட்டு நாய்க்கோ பூனைக்கோ புற்றுநோய் என்று தெரிந்ததும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "இனி ஒன்னும் பண்ண முடியாதுங்க" என்று அப்படியே விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் அன்றைக்கே வண்டி பிடித்துக் கோயம்புத்தூருக்கு ஓடுவார்கள். பல நேரம் இரண்டுமே தேவையில்லை. இந்த நோய்க்குச் செய்ய வேண்டிய வேலைகளில் நிறைய ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூரிலேயே முடியும். கீழே இறங்க வேண்டியது சில வேலைகளுக்கு மட்டும்தான். எதை மேலேயே முடிப்பது, எதற்குக் கீழே போவது என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால் பணம் மிச்சமாகும். நோயோடு இருக்கும் ஜீவன் பர்லியாறு வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் வரும் அலைச்சலும் குறையும்.

இது நாய், பூனைகளுக்கான வழிகாட்டி. மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் எடை பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

1. முதலில் கட்டியை அளந்து எழுதுங்கள்

தடவிக்கொடுக்கும்போது கையில் ஓர் உருண்டை தட்டுப்பட்டால் உடனே மனதை விட்டுவிட வேண்டாம். வயதான லாப்ரடாருக்கு விலாவில் மெத்தென்று உருளும் கொழுப்புக் கட்டி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இளம் நாயின் முகத்திலோ காதிலோ சிவந்து வட்டமாக எழும்பும் ஒரு வகைக் கட்டி சில வாரங்களில் தானாகவே வற்றிவிடும். பக்கத்து லைன் வீட்டு நாயோடு சண்டை போட்டதில் கடிபட்ட இடம் சீழ் கட்டியிருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்தோ கையால் அமுக்கியோ நல்ல கட்டி, கெட்ட கட்டி என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. எத்தனை வருட அனுபவமுள்ள டாக்டராலும் முடியாது. கட்டி பட்டாணியை விடப் பெரிதாக இருந்து, ஒரு மாதத்துக்கு மேலும் போகவில்லை என்றால் சோதித்துவிட வேண்டும் என்பது பல கால்நடை மருத்துவர்கள் வைத்திருக்கும் எளிய கணக்கு.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போட்டோ எடுங்கள். எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், என்றைக்குப் பார்த்தீர்கள் என்பதையும் தடுப்பூசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். "போன மாசம் சின்னதா இருந்துச்சுங்க" என்று சொல்வதைவிட இந்தக் குறிப்பு டாக்டருக்கு உதவும். கட்டியைப் பிசைந்து பார்க்காதீர்கள். மாஸ்ட் செல் கட்டி என்று ஒரு வகை உண்டு. ஒரு நாள் வீங்கும், மறுநாள் சுருங்கும், அமுக்கினால் ஹிஸ்டமின் வெளியேறிச் சுற்றிலும் சிவந்து தடித்துவிடும். சுருங்கியதைப் பார்த்துவிட்டுக் குணமாகிறது என்று நினைத்து விட்டவர்கள் நிறைய.

கட்டியே இல்லாமலும் புற்றுநோய் வரும். ஆறாத புண், காரணமில்லாத மெலிவு, வாயில் ரத்தம் கலந்த நாற்றம், மருந்துக்கு அடங்காத நொண்டல், சிறுநீரில் ரத்தம் என எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். நன்றாக இருந்த பெரிய நாய் திடீரென்று சுருண்டு விழுந்து, ஈறுகள் வெள்ளை வெளேர் என்று இருந்தால் மண்ணீரல் கட்டி உடைந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் நாய்களுக்கு இது அதிகம். அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம் இது, மறுநாள் காலை வரை வைத்திருக்கக் கூடாது.

மூக்கில் ரத்தம் வந்தால் மட்டும் மலைக்காரர்கள் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். மூக்குக்குள் கட்டி இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைந்தும் ரத்தம் வரும். ஓடையில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும் நாயாக இருந்தால் அட்டை ஏறி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. பெரிய பரிசோதனைக்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளைப் பூனை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உயரம் ஏற ஏற வெயிலில் புற ஊதாக் கதிர் கூடும். குளிருக்கு இதமாக ஓட்டின் மேல் நாள் முழுக்கப் படுத்திருக்கும் வெள்ளைப் பூனைக்குக் காது நுனியிலும் மூக்கிலும் பொருக்கு தட்டி, உரிந்து, மறுபடி பொருக்கு தட்டினால் அதைச் சொறி என்று விட்டுவிடாதீர்கள். தோல் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும். காது நுனியில் இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டியின் மேல் வைத்துக் கட்டுவது தோட்டங்களில் இன்னும் நடக்கிறது. சுண்ணாம்பு தோலைத்தான் வேக வைக்கும், உள்ளே இருக்கும் கட்டி அப்படியே இருக்கும். பிறகு டாக்டர் ஆபரேஷன் செய்ய வரும்போது தையல் போட நல்ல தோல் கிடைக்காது.

2. ஸ்டீராய்டு போடும் முன் ஊசிப் பரிசோதனை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். கட்டி என்னவென்று தெரியும் முன்னால் ஸ்டீராய்டு ஊசியோ பிரெட்னிசோலோன் மாத்திரையோ வேண்டாம். போட்டதும் வீக்கம் வடியும், நாய் சாப்பிடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றாக இருந்தால் பரிசோதனை முடிவு குழம்பிவிடும். அதைவிட மோசம், பின்னால் கொடுக்கும் கீமோ மருந்துக்குப் புற்றுச் செல்கள் அடங்காமல் போகவும் கூடும். "சார், முதல்ல ஊசியில எடுத்துப் பார்த்துடலாங்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தச் சோதனைக்குப் பெயர் எஃப்.என்.ஏ.சி. சாதாரண ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் செல்களை உறிஞ்சி, கண்ணாடி ஸ்லைடில் தடவிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பெரும்பாலான நாய்களுக்கு மயக்க மருந்துகூட வேண்டாம், தலையைப் பிடித்துக்கொண்டால் போதும். இதை உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியிலேயே எடுக்கலாம். பெயர்தான் மாட்டாஸ்பத்திரி, கால்நடைப் பராமரிப்புத் துறையின் மருந்தகங்களில் நாய், பூனையும் பார்ப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் டாக்டர் சினை ஊசி, கன்று ஈனாத மாடு என்று ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்குக் கிளம்பிவிடுவார்.

ஸ்லைடைப் பார்த்துச் சொல்லும் நோயியல் நிபுணர் மலையில் இல்லாவிட்டாலும் ஸ்லைடு மட்டும் பயணம் போனால் போதும், நாய் போக வேண்டாம். இங்கேதான் நம் ஊர்ப் பருவநிலை குறுக்கே வரும். தடவிய ஸ்லைடு சட்டென்று உலர வேண்டும். ஜூலை மாதத்து ஊட்டியில் ஜன்னலைத் திறந்தால் மஞ்சே உள்ளே வரும். ஸ்லைடு மெதுவாகக் காய்ந்தால் செல்கள் உருக்குலைந்து, "மாதிரி போதவில்லை" என்று ரிப்போர்ட் திரும்பி வரும். தலைமுடி உலர்த்தும் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஸ்லைடின் பின்பக்கத்தில் இளஞ்சூடாகக் காற்று படும்படி காட்டினால் சீக்கிரம் உலர்ந்துவிடும். போகும்போது வீட்டு டிரையரை எடுத்துப் போங்கள், டாக்டர் சிரித்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார். உலர்ந்த ஸ்லைடுகளைப் பெட்டியில் போட்டு, பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி அனுப்பலாம்.

கட்டியை முழுதாகவோ ஒரு துண்டாகவோ வெட்டி எடுத்து அனுப்புவது பயாப்ஸி. துண்டை 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். துண்டு எவ்வளவு இருக்கிறதோ அதற்குப் பத்து மடங்கு திரவம் தேவை, வாயகன்ற டப்பாவும் தேவை. ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. அப்புறம் முக்கியமாக, ஃபார்மலின் டப்பாவையும் ஸ்லைடுகளையும் ஒரே பார்சலில் வைக்காதீர்கள். ஃபார்மலின் ஆவி பட்டால் ஸ்லைடு கெட்டுவிடும்.

ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்த பிறகு, "எடுத்தாச்சு, இனி எதுக்கு டெஸ்ட்?" என்று பணம் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். என்ன வகை, எந்த நிலை, வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்ற மூன்றும் அந்த ரிப்போர்ட்டில்தான் இருக்கும். மேற்கொண்டு கீமோ வேண்டுமா வேண்டாமா என்பதே அதை வைத்துத்தான் முடிவாகும்.

கூடவே ரத்தப் பரிசோதனையும், உண்ணிக் காய்ச்சல் சோதனையும். உண்ணிக் காய்ச்சலிலும் நிணநீர்க் கணுக்கள் வீங்கும், நாய் மெலியும், பார்ப்பதற்கு லிம்போமா மாதிரியே இருக்கும். மருந்தில் குணமாகும் நோயைப் புற்றுநோய் என்று நினைத்துக் கைவிட்டுவிடக் கூடாது.

3. எந்தப் புற்றுநோய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது

புற்றுநோய் என்று ஒரே பெயர் சொன்னாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு நோய்கள். சிலது குணமாகும், சிலது தள்ளிப்போகும், சிலதில் வலியை மட்டும் குறைக்கலாம்.

குணமாவதில் முதலிடம் பிறப்புறுப்புக் கட்டிக்கு. டாக்டர்கள் டி.வி.டி (TVT) என்பார்கள். இனச்சேர்க்கையில், நக்குவதில், முகர்வதில் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் புற்றுச் செல்லே நேராக ஒட்டிக்கொண்டு வளரும் விசித்திரமான நோய் இது. மனிதருக்குத் தொற்றாது. அவிழ்த்துவிட்டு வளர்க்கும் தோட்டத்து நாய்களுக்கும் தெரு நாய்களுக்கும் சர்வ சாதாரணம். பிறப்புறுப்பில் சொட்டுச் சொட்டாக ரத்தம், உள்ளே காலிஃப்ளவர் போலச் சிவந்த சதை. பெட்டை நாய் என்றால் "ஹீட்டுக்கு வந்திருக்கு" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம். பத்தில் ஒன்பது நாய்களுக்கு மேல் முழுக்கக் குணமாகிவிடும். இதற்குக் கீழே போகவே வேண்டாம், உள்ளூர் டாக்டரே போடலாம். இரண்டு கவனம் போதும். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். மருந்து நரம்புக்கு வெளியே ஒரு சொட்டுக் கசிந்தாலும் சதை அழுகும் என்பதால் ஊசி ஏறும்போது நாய் அசையாமல் இருக்க வேண்டும், நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டை நாய்க்கு வரும் மடிக் கட்டி அடுத்தது. கருத்தடை செய்யாத நாய்களுக்கு அதிகம். பின்பக்க மடிகளில்தான் பெரும்பாலும் தொடங்கும், அதனால் குளிப்பாட்டும்போது அங்கே விரலை ஓட்டிப் பாருங்கள். நாய்க்கு வரும் மடிக் கட்டிகளில் ஏறத்தாழ பாதி கெட்டது. பூனைக்கு வந்தால் பத்தில் எட்டுக்கு மேல் கெட்டது, அதனால் பூனையில் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். மூன்று சென்டிமீட்டர் ஆகும் முன் எடுத்த நாய்கள் நன்றாகத் தேறுகின்றன. தேங்காய் அளவு தொங்கிய பிறகு கொண்டுவந்தால் ஆபரேஷனும் பெரிது, பலனும் குறைவு. எடுக்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். நுரையீரலுக்குப் பரவிவிட்டிருந்தால் வெட்டுவதில் அர்த்தமில்லை.

முதல் ஹீட்டுக்கு முன் கருத்தடை செய்த நாய்களில் மடிக் கட்டி வரும் வாய்ப்பு, கருத்தடை செய்யாத நாய்களுக்கு இருப்பதில் 0.5 சதவீதம்தான், இரண்டாவது ஹீட்டுக்குப் பிறகு செய்தால் 26 சதவீதம் என்று 1969இல் வந்த ஆய்வை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். "ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்" என்று சொல்லும் பாட்டிமார்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். அவர்கள் கேட்பார்களா என்பது வேறு கதை.

லிம்போமா நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சமமாக உருண்டை உருண்டையாக இருக்கும், வலிக்காது. வைத்தியம் பார்க்காவிட்டால் பல நாய்கள் ஒன்றரை மாதத்தைத் தாண்டுவதில்லை. பிரெட்னிசோலோன் மட்டும் கொடுத்தால் ஓரிரு மாதம். நான்கு மருந்து சேர்ந்த முழுக் கீமோ கொடுத்தால் சராசரியாக ஏறத்தாழ ஒரு வருடம், சில நாய்கள் அதற்கு மேலும். முழுக் குணம் அரிது. பத்து வயது நாய்க்கு ஒரு வருடம் என்பது கொஞ்ச நஞ்சமல்ல, ஆனால் அதற்கு ஆறு மாதம் விடாமல் மருந்தும் பயணமும் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய நோய் இது.

எலும்புப் புற்று பெரிய இன நாய்களின் காலில் வரும். வலி கொடூரம். காலை எடுப்பதென்றால் எல்லோரும் பதறுவார்கள். ஆனால் மூன்று கால் நாய் சில வாரங்களில் தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தைக்கூடச் சமாளித்துவிடும். இறக்கமும் ஈரப் படிக்கட்டும்தான் வழுக்கும், அங்கே சாக்கு விரித்துவிடுங்கள். காலை எடுத்ததோடு கீமோவும் கொடுத்தால் ஏறத்தாழ பத்து மாதம், எடுப்பது மட்டும் என்றால் நான்கைந்து மாதம்.

சிறுநீர்ப்பைக் கட்டிக்கு வெட்டுவது பெரும்பாலும் சரிவராது, மாத்திரையில்தான் ஓட்டுவார்கள். மாடு வளர்க்கும் ஹட்டிகளில் பசுவுக்குச் சிவப்பாகச் சிறுநீர் போவதைப் பார்த்திருப்பீர்கள். பிராக்கன் என்னும் பெரணியை வருடக்கணக்கில் மேய்ந்தால் மாட்டின் சிறுநீர்ப்பையில் கட்டி வரும். நாய்க்கு வருவது வேறு காரணத்தால், ஆனால் இரண்டிலும் ரத்தச் சிறுநீர்தான் முதல் அடையாளம்.

4. எங்கே போவது

மேலேயே முடிகிறவை: ஊசிப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, வின்கிரிஸ்டின், சின்னக் கட்டி ஆபரேஷன், தையல் பிரிப்பது, டிரிப் போடுவது, வலி மருந்து. கீழே போக வேண்டியவை: பெரிய ஆபரேஷன், வயிற்று ஸ்கேனை நுணுக்கமாகப் பார்ப்பது, டாக்ஸோரூபிசின் போன்ற இதயத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய கீமோ, இரண்டாவது கருத்து.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் கோவைதான் கிட்டம். டிஜிட்டல் எக்ஸ்ரே, ஸ்கேன் வைத்திருக்கும் தனியார் மருத்துவமனைகள் அங்கே உண்டு. செலவு கட்டாது என்றால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி மருத்துவமனைகளைப் பாருங்கள். உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கல்லூரி இருக்கிறது. 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரியில் அறுவை, உள்மருத்துவம், நோயியல் என்று துறை துறையாக நிபுணர்கள் இருக்கிறார்கள். கூட்டமும் இருக்கும், பொறுமையோடு போங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஊட்டி ஏறி கோவைக்கு இறங்குவதைவிட வயநாட்டில் பூக்கோடு கால்நடைக் கல்லூரிக்குப் போவது சுலபம். பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடைக் கல்லூரிக்குப் போகிறவர்கள் பந்திப்பூர் வழி இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். வளர்ப்புப் பிராணிகளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நம் நாட்டில் மிக அரிது, அதைத் தேடி அலைந்து நாளை வீணாக்க வேண்டாம்.

1962 என்ற இலவச எண்ணில் வரும் நடமாடும் கால்நடை வண்டி முக்கியமாக மாடு, ஆடுகளுக்கானது. இந்த வைத்தியத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது.

கீழே உள்ள டாக்டரிடம் போனதும் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இது குணமாகுமா, தள்ளிப்போகுமா? சிகிச்சையே எடுக்காவிட்டால் எப்படிப் போகும்? மொத்தம் எத்தனை முறை வர வேண்டும், அதில் எதையெல்லாம் எங்கள் ஊர் டாக்டர் செய்யலாம்? மொத்தச் செலவு எவ்வளவு ஆகும், பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்குவார்கள், தயங்காதீர்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்த மாதத்தில் கீமோ பாதியில் நின்றுபோவது நடக்கிற விஷயம்தான். முதலிலேயே தெரிந்தால் டாக்டர் வேறு எளிய திட்டம் போட்டுத் தருவார். நோய் வந்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்த நோய்க்குப் பணம் தராது.

இரண்டு டாக்டர்களையும் போனில் இணைத்துவிடுங்கள். கீழே கொடுக்கும் சிகிச்சைச் சீட்டில் மருந்தின் பெயர், மில்லிகிராம், அடுத்த தேதி, எந்த அளவுக்குக் கீழே வெள்ளை அணு குறைந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டும் என்பது வரை எழுதி வாங்குங்கள். பாதி அலைச்சலைக் குறைப்பது இந்தச் சீட்டுத்தான்.

5. மலை இறங்கி ஏறுவது

நாய் கிளம்பும் முன் நான்கைந்து மணி நேரம் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். வளைவில் வாந்தி எடுக்கும் நாய்க்கு முன்கூட்டியே மாத்திரை எழுதி வாங்குங்கள். கோத்தகிரி வழி வளைவு குறைவு, நோயாளிக்கு அதுதான் இதம். சீசனில் ஏப்ரல், மே மாதங்களில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். அந்த நாட்களில் கருக்கலிலேயே கிளம்பிவிடுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கோவையிலிருந்து டாக்ஸி பிடித்து மேலே வருவதாக இருந்தால் டிரைவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும். 2009 நவம்பரில் நடந்தது மறக்கக்கூடியதல்ல. கீமோ தேதி அந்த மாதங்களில் விழுந்தால், பாதை அடைபட்டால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சென்னைக்கு ரயிலில் போவதென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் உண்டு. முதல் வகுப்பில் கூப்பே முழுக்க எடுத்தால் நாய் உங்களோடு வரலாம், பார்சல் ஆபீஸில் அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். நோயாளி நாயை அதில் போடுவதைவிட வண்டி எடுத்துப் போவதே மேல்.

ஒரு எச்சரிக்கை. ஊட்டி உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. நுரையீரலில் பரவிய நாய், ரத்தம் ரொம்பக் குறைந்த நாய் கோவையில் நன்றாக மூச்சு விட்டாலும் குன்னூர் தாண்டியதும் திணறலாம். அப்படிப்பட்ட நாயைத் திருப்பிக் கூட்டிப்போகலாமா என்று டாக்டரைக் கேட்ட பிறகே ஏறுங்கள்.

வின்கிரிஸ்டின் மருந்தை நீங்களே கோவையில் வாங்கி வரச் சொன்னால் ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில் கொண்டுவாருங்கள். 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. மருந்துப் புட்டியைத் துணியில் சுற்றிவிட்டால் ஐஸ் நேராகப் படாது.

6. கீமோ நாட்களில் வீட்டில்

மனிதருக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில் கொடுப்பதால் நாய்க்கு முடி கொட்டுவது, விடாத வாந்தி எல்லாம் குறைவு. ஊசி போட்ட ஏழிலிருந்து பத்தாவது நாளுக்குள் வெள்ளை அணு தாழும், அந்த நாட்கள்தான் கவனம். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். நாயின் இயல்பான சூடு 101லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103ஐத் தாண்டி, சோர்ந்து படுத்தால் இரவானாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். மருந்துக் கடையில் பாராசிட்டமால் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும்.

ஊசிக்குப் பின் மூன்று நாள் வரை சிறுநீரிலும் மலத்திலும் மருந்து வெளியேறும். கையுறை போட்டு அள்ளுங்கள், கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அந்த வேலையைச் செய்யக் கூடாது. குடிதண்ணீர் எடுக்கும் ஊற்றுப் பக்கம் நாயை விடாதீர்கள். கீமோ மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மாத்திரை கொடுத்தால் காலையில் கொடுங்கள். அது சிறுநீர்ப்பையை அரிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். டிசம்பர் குளிரில் நாய் தண்ணீரே குடிக்காது, வெளியே போகவும் மறுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கோழி வேகவைத்த சாறு கலந்து வைத்தால் குடித்துவிடும்.

கறிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடும் பழக்கத்தை இந்த மாதங்களில் நிறுத்துங்கள். சோறு, வேகவைத்த கோழி, முட்டை, தயிர் போதும். வெங்காயம், பூண்டு, திராட்சை கூடாது. இரவில் வாசலில் கட்டாதீர்கள். சோர்ந்த நாய்க்குச் சிறுத்தை வருவதுகூடத் தெரியாது.

7. வலியும் புண்ணும்

வைத்தியம் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வலிக்கு மருந்து கேட்பது உங்கள் உரிமை. நாய் கத்தாது. இரவில் இடம் மாறி மாறிப் படுக்கும், படியேற யோசிக்கும், கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டும். மெலோக்சிகாம், ட்ராமடால் போன்றவற்றை டாக்டர் எழுதுவார். ஸ்டீராய்டு எடுக்கும் நாய்க்கு மெலோக்சிகாம் சேர்க்கக் கூடாது, வயிறு புண்ணாகும்.

டைக்ளோஃபெனாக் மட்டும் வேண்டவே வேண்டாம். நாயின் குடலில் ரத்தம் கசிய வைக்கும். அதோடு, மருந்து ஏறிய உடலைத் தின்ற பாறு கழுகுகள் செத்து விழுந்ததால் 2006இலேயே கால்நடைகளுக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. தென்னிந்தியாவில் பாறுகள் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் நம் சீகூர், மசினகுடிப் பக்கமும் ஒன்று.

உடைந்த கட்டியில் ஈ மொய்த்துப் புழு வைக்கும், முக்கியமாகக் கூடலூர்ப் பக்கத்து வெக்கையில். கொதித்து ஆறிய உப்பு நீரால் கழுவி, டாக்டர் தந்த களிம்பு போட்டு, பழைய பருத்தி பனியனை உடலில் மாட்டிவிடுங்கள். டர்பன்டைன் ஊற்றாதீர்கள்.

8. எப்போது போதும் என்பது

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம். வீட்டில் இருவர் தனித்தனியாகப் போட்டு வாரா வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகம் ஒட்டுதலாக இருப்பவர் எப்போதும் கூடப் போடுவார்.

கருணைக் கொலை என்று முடிவானால் வீட்டுக்கே வர முடியுமா என்று உள்ளூர் டாக்டரைக் கேளுங்கள். முதலில் மயக்க மருந்து கொடுத்துத் தூங்கிய பிறகே அடுத்த ஊசி போடச் சொல்லுங்கள்.

அந்த ஊசி மருந்து உடலில் அப்படியே தங்கும். தோண்டித் தின்கிற காட்டுப்பன்றியோ கரடியோ சிறுத்தையோ பாறோ சாகலாம். நான்கடிக்குக் குறையாமல் தோண்டி, மண் மூடி, மேலே பெரிய கற்களை அடுக்க வேண்டும். ஓடைக்கும் ஊற்றுக்கும் மேற்பக்கம் வேண்டாம். எஸ்டேட் நிலம் என்றால் கங்காணியிடமோ மேனேஜரிடமோ சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பிறகு அங்கே செடி நடும்போது பிரச்சினை வராது.

மீந்த வலி மருந்தைப் பிரிக்காமல் டாக்டரிடம் கொடுத்தால் வாங்க முடியாத ஒருவரின் நாய்க்குப் போகும். கீமோ மாத்திரை மீந்தால் குப்பையிலோ ஓடையிலோ போடாமல் அதையும் அவரிடமே ஒப்படையுங்கள்.